தலைவர் பேசும் நாளில் சப்பாத்துக் கட்டியவர்

பெரியப்பா போய்விட்டார் என்ற செய்தி ஹெந்தளையிலிருந்து வந்தது. அவர் கடைசிக் காலத்தில் இருந்த முதியோர் இல்லத்து சிஸ்டர்தான் தொலைபேசியில் கூப்பிட்டார். மகளைப் பள்ளிக்கூடத்தால் கூட்டிவந்து சோறு போட்டுக்கொண்டிருந்த நேரம். சிஸ்டர் நல்ல மனுசி, ஆனால் சுற்றிவளைத்துப் பேசத் தெரியாதவர். கதிரையில் இருந்தபடியே, தொலைக்காட்சிக்கு முன்னால், சத்தமில்லாமல் போய்விட்டார் என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "ஒண்டு கேக்கலாமா? அவர் சப்பாத்துப் போட்டிருந்தார். லேஸ் எல்லாம் இறுக்கிக் கட்டியிருந்தது. எங்கயாவது போக வெளிக்கிட்டவரோ? எங்களிட்ட ஒண்டும் சொல்லேல்ல" என்றார்.

இன்றைக்கு ஜனாதிபதி தொலைக்காட்சியில் பேசுகிறாரா என்று கேட்டேன். ஓம், இரவுச் செய்திக்குப் பிறகு பேசுவார் என்று பகல் சொன்னார்கள் என்றார் சிஸ்டர். அப்படியென்றால் அதுதான் காரணம் என்றேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. இதை வாசிக்கும் உங்களில் சிலருக்கு விளங்கியிருக்கும்.

பெரியப்பா மரியதாஸைக் கொட்டாஞ்சேனைப் பங்கில் பாடகர் குழுவில் நின்றவராக உங்களில் சிலருக்குத் தெரியும். சிலருக்குத் துறைமுகக் கந்தோரில் பக்கத்து மேசை. வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கைக்காரருக்கோ, கலியாணம் கட்டாமல் தம்பியின் குடும்பத்தோடேயே இருந்த மனுசன். அந்தத் தம்பி என் அப்பா. முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எழுதித் தரும்படி கேட்டபோது, பழைய மலர்கள் சிலவற்றை மாதிரிக்கு அனுப்பியிருந்தார்கள். அவற்றில் எல்லாரும் இன்முகத்தோடும் இனிய சுபாவத்தோடும் வாழ்ந்திருக்கிறார்கள். பெரியப்பாவுக்கு இன்முகம் கிடையாது. சுபாவமும் அவ்வளவு இனிப்பில்லை. எனக்கும் அவருக்கும் இடையில் நெடுங்காலமாக ஒரு வழக்கும் இருந்தது. என் அப்பா வீட்டுக்குத் திரும்பி வராமல் போனதற்கு அவர்தான் காரணம் என்பதே என் வழக்கு. அதைச் சொல்லாமல் அவரைப் பற்றி நான் எதைச் சொன்னாலும் அது பொய்யாகிவிடும்.

எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடி மாதம். எனக்கு ஒன்பது வயது. அந்தத் திங்கட்கிழமை காலையில் காலி வீதிப் பக்கம் புகை எழும்பியபோது, யாரோ குப்பை கொளுத்துகிறார்கள் என்று அம்மா உடுப்புகளைக் கொடியிலிருந்து எடுத்தார். கொஞ்ச நேரத்தில் புகை கறுப்பாகியது. பிறகு அது ஒரு இடத்திலிருந்து மட்டும் வரவில்லை. பின்வீட்டுக் குசுமா அன்ரி மதிலுக்கு மேலால் தலையை நீட்டி, சிங்களத்தில், ஒன்றையும் எடுக்காமல் ஏறி வரச் சொன்னார். பெரியப்பா என்னைத் தூக்கி மதிலுக்கு மேலே இருத்தினார். அந்தப் பக்கம் குசுமா அன்ரியின் புருஷன் வாங்கினார். அவர்கள் வீட்டுக் குசினிக்குப் பக்கத்தில், அரிசி மூட்டை வைக்கும் அறையில் இருந்தோம். எங்கள் வீட்டு வாசலில் கண்ணாடி உடையும் சத்தம் கேட்டது. குசுமா அன்ரியின் புருஷன் ஓடிப்போய், வீட்டுச் சொந்தக்காரர் சிங்களவர், கொளுத்தினால் அவருக்குத்தான் நட்டம் என்று கத்தினார். விறாந்தையில் இருந்ததையெல்லாம் முற்றத்தில் போட்டு எரித்துவிட்டுப் போய்விட்டார்கள். கதிரைகள், என் சைக்கிள், வாசலில் கழற்றி வைத்திருந்த செருப்புகள், சப்பாத்துகள். அப்பாவின் சப்பாத்தும் அதற்குள் போனது.

பெரியப்பாவைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அந்த நாட்களில் அவர் ஆளுங்கட்சி ஆதரவாளர். அப்போதைய தலைவரின் படத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, ஹோலில் திரு இருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே மாட்டியிருந்தார். அந்தத் தலைவர் படித்தவர், பெரிய குடும்பம், கண்டவனையும் ஆட விடமாட்டார் என்று அப்பாவோடு வாதாடுவார். அப்பா சிரிப்பார். அரிசி மூட்டை அறையில் இருந்த நாட்களிலும் பெரியப்பா அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். தலைவருக்கு விசயம் போய்ச் சேரவில்லை. சேர்ந்தால் ஒரு சொல் சொல்லுவார். சொன்னால் நிற்கும். பகல் முழுக்கப் புகை மணத்தது. இரவில் நாய்கள் குரைக்கவில்லை. 

வியாழக்கிழமை பின்னேரம், தலைவர் தொலைக்காட்சியில் பேசப்போகிறார் என்று வானொலியில் சொன்னார்கள். குசுமா அன்ரி வீட்டில் தொலைக்காட்சி இல்லை. எங்கள் வீட்டில் இருந்தது, ஹோலில், உடையாமல். பெரியப்பா ஒற்றைக் காலில் நின்றார். நான் சொன்னேன்தானே, இனிப் பயமில்லை, எங்கள் வீட்டுக்கே போவோம் என்றார். அம்மாவுக்கு விருப்பமில்லை. அப்பா அண்ணனின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சரி என்றார். மதிலால் இறங்கி, சாம்பல் கிடந்த முற்றத்தைக் கடந்து, எங்கள் வீட்டுக்குள் களவாக வந்ததுபோல வந்தோம். குசுமா அன்ரியும் புருஷனும் கூட வந்தார்கள். எல்லாரும் வெறுங்காலோடு, யன்னல் எல்லாம் பூட்டி, சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு இருந்தோம்.

பெரியப்பா இருக்கவில்லை. பூசையில் நற்செய்தி வாசிக்கும்போது நிற்பதுபோல எழும்பி நின்றுகொண்டு கேட்டார். தலைவர் என்ன பேசினார் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. வளர்ந்தபிறகு விளங்கியது. பெரும்பான்மை மக்களின் கோபத்தைப் பற்றிப் பேசினார். நாடு பிரிவதைப் பற்றிப் பேசினார். அரிசி மூட்டை அறையில் இருந்த எங்களைப் பற்றி, எங்களைவிட மோசமாக அகப்பட்டவர்களைப் பற்றி, ஒரு சொல்லும் இல்லை. அவர் முடித்ததும் குசுமா அன்ரி தலை குனிந்தபடி எழும்பிப் போனதை மட்டும் அந்த வயதிலேயே கவனித்தேன். அந்த மனுசிதான் வெட்கப்பட்டார், வெட்கப்படவேண்டியவர் வேறு யாரோ.

பெரியப்பா சொன்னது இதுதான்: "சரி, பேசிட்டார். இனி அடங்கிடும்."

மறுநாள் காலையில் ஊரடங்கை எடுத்துவிட்டார்கள். புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் அப்பா கணக்கு எழுதினார். கடைச் சாவி அவரிடம். கடை இருக்கிறதா இல்லையா என்று பார்த்துவிட்டு உடனே வந்துவிடுவதாகச் சொல்லிக்கொண்டு வெளிக்கிட்டார். நான் அப்போது பாய்க்குள் அரைத் தூக்கத்தில் கிடந்தேன். அவர் குனிந்து என் நெற்றியைத் தொட்டது ஞாபகம். பிறகு பகல் ஆகுமுன்னே, நகருக்குள் புலி வந்துவிட்டது என்று எவனோ கிளப்பிவிட்ட கதை ஊரெல்லாம் பரவியது. எல்லாம் மறுபடி தொடங்கியது. நாங்கள் மறுபடி மதிலேறினோம். அப்பா வரவில்லை. அன்றும் வரவில்லை, பிறகும் வரவில்லை. பிணவறைகளில் பெரியப்பா தேடினார், முகாம்களில் தேடினார். கண்டவர் என்று சொல்ல ஒருவரும் அகப்படவில்லை.

பிறகு அகதிகளாகப் பள்ளிக்கூட முகாமில் இருந்தபோது, வடக்கே போகிற கப்பலுக்குப் பெயர் கொடுக்கச் சொன்னார்கள். அம்மா மறுத்துவிட்டார். அப்பா திரும்பி வந்தால் எங்கே வந்து தேடுவார் என்று கேட்டார். அதற்காகவே மறுபடி வெள்ளவத்தைக்கு, அதே வீட்டுக்கு வந்தோம். பெரியப்பா அந்தப் படத்தைப் போட்டு உடைப்பார் என்று எதிர்பார்த்தேன். உடைக்கவில்லை. கழற்றி, வாசலைத் திறந்ததும் கண்ணில் படுகிற மாதிரி வேறு ஆணியில் மாட்டினார். எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்ல முடியாது. ஏன் என்று கேட்டேன். "அது படமில்லைப் பிள்ளை, தாழ்ப்பாள்" என்றார். பிறகு தலைவர்கள் மாற மாற அந்த ஆணியில் படமும் மாறியது. சோதனைக்கு வந்த பொலிஸ்காரர்கள் சிலர் அதைப் பார்த்துவிட்டுத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு போனதும் உண்டு.

சப்பாத்துப் பழக்கம் அந்த வருசத்தில் தொடங்கியது. எந்தத் தலைவராவது நாட்டு மக்களுக்குப் பேசப்போகிறார் என்று அறிவித்தால் போதும், பெரியப்பா கட்டிலுக்குக் கீழே இருக்கும் கறுப்புச் சப்பாத்தை எடுத்துவந்து, காலுறை போட்டு, லேஸ் கட்டி, கதிரையில் நேராக இருப்பார். எங்களையும் போடச் சொல்லுவார். வீட்டுக்குள், ஹோலுக்குள், மூன்று பேரும் சப்பாத்தோடு இருந்து செய்தி பார்ப்போம். வந்தவர்கள் பார்த்தால் எங்கேயோ பயணம் போகிறோம் என்று நினைப்பார்கள். துறைமுகக் கந்தோரில் அவரைச் "சப்பாத்து" என்றே பட்டம் தெளித்தார்களாம். உங்களில் யார் அந்தப் பட்டத்தை வைத்தது என்று எனக்குத் தெரியாது, வைத்தவர் குறைநினைக்க வேண்டாம், அவருக்கு அதில் கோபமில்லை.

அதோடு இன்னொரு பழக்கமும் வந்தது. எனக்குச் சப்பாத்து வாங்கும் வேலையை அவர் கையில் எடுத்துக்கொண்டார். காலி வீதியில் கடைக்காரர் எல்லாப் பிள்ளைகளுக்கும் செய்வதுபோல ஒரு அளவு கூட எடுத்துத் தருவார், வளரும் பிள்ளை, நுனியில் பஞ்சு வைத்தால் இரண்டு வருசம் போடலாம் என்பார். பெரியப்பா கேட்கமாட்டார். குந்தியிருந்து, சப்பாத்து நுனியைப் பெருவிரலால் அமத்திப் பார்ப்பார். இடம் இருந்தால் கழற்றச் சொல்லுவார். "இறுக்கமெண்டாப் பரவாயில்ல. லூசெண்டாக் கழட்டு" என்பார். தவணைக்குத் தவணை புதுச் சப்பாத்து. அம்மா வீட்டில் உப்புக்கும் கணக்குப் பார்க்கிறவர், ஆனால் இதற்கு மட்டும் வாயே திறக்கவில்லை. என் கால்விரல்கள்தான் பாடுபட்டன. வகுப்பில் எல்லாரும் தொளதொளவென்று போட்டுக்கொண்டு ஓடுவார்கள், நான் நொண்டுவேன். இந்த மனுசன் அப்பாவையும் போக்கடித்துவிட்டு என் காலையும் கடிக்க வைக்கிறார் என்று மனதுக்குள் திட்டுவேன்.

அம்மா அவரோடு சண்டை பிடிக்கவேண்டும் என்று பிள்ளைக் காலம் முழுக்கக் காத்திருந்தேன். அன்று இரவு வீட்டுக்குப் போவோம் என்று சொன்னவர் யார்? இனி அடங்கிவிடும் என்று சொன்னவர் யார்? அவர் அப்படிச் சொல்லியிராவிட்டால் அப்பா வெளிக்கிட்டிருப்பாரா? அம்மா ஒருநாள்கூடக் கேட்கவில்லை. அவருக்குச் சோறு போட்டார், சட்டை தோய்த்தார், காய்ச்சல் வந்தால் மல்லி அவித்துக் கொடுத்தார். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக் கதைத்து நான் கண்டதில்லை. அம்மாவுக்கு ரோசமில்லை என்று நினைத்தேன். பதினாறு வயதில் அதை அம்மாவிடமே சொன்னேன். அம்மா என்னை அடிக்கவில்லை. எழும்பிப்போய் அரிசி கழுவினார்.

எனக்கு அப்போது வேறு தலைவர் கிடைத்திருந்தார். வடக்கில் துவக்கோடு நின்றவர். இந்த வீட்டில் சப்பாத்துப் போட்டுக் காத்திருப்பவர்களைப் போலல்லாமல், திருப்பி அடிக்கத் தெரிந்தவர் என்று நினைத்தேன். கொழும்பில் அதை வெளியில் சொல்ல முடியாது, அதனால் வீட்டுக்குள் சொல்லுவேன். அவர் வருசத்துக்கு ஒருமுறை பேசுவதை வானொலியில் இரைச்சலுக்குள் தேடிப்பிடித்துக் கேட்பேன். ஒருமுறை திரும்பிப் பார்த்தால் பெரியப்பா லேஸ் கட்டிக்கொண்டிருக்கிறார். எங்கட ஆள் பேசினாலும் சப்பாத்தோ என்று நக்கலாகக் கேட்டேன். "எங்கட ஆள் எண்டா இன்னும் இறுக்கிக் கட்டவேணும்" என்றார். அன்றைக்கு அவரைக் கோழை என்று சொன்னேன். பிறகு வந்த வருசங்களில் அந்த வசனம் அடிக்கடி ஞாபகம் வந்தது, எப்போதெல்லாம் என்று இங்கே எழுதவேண்டியதில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த வீடுகள் எல்லாப் பக்கமும் இருக்கின்றன.

ஒரேயொரு முறை அவர் லேஸைக் கட்டாமல் விட்டதைக் கண்டேன். சமாதானம் என்று சொல்லிக்கொண்டு ஒரு பெண் தலைவர் வந்த காலம். அம்மாகூட அவருடைய முகம் நல்ல முகம் என்றார். அன்று பெரியப்பா சப்பாத்துக்குள் காலை விட்டுக்கொண்டு, லேஸ் இரண்டு பக்கமும் தொங்க, தேத்தண்ணி குடித்தபடி பேச்சைக் கேட்டார். அதற்குப் பிறகு கொலன்னாவையில் எண்ணெய்த் தாங்கிகள் எரிந்தன. எங்கள் மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் வானத்தின் பாதி கறுப்பு. ஒழுங்கைப் பொடியன்களைப் பொலிஸ் ஏற்றிக்கொண்டு போனது. பெரியப்பா குனிந்து லேஸைக் கட்டினார், அதன்பிறகு தளர்த்தவில்லை.

யுத்தம் முடிந்த வைகாசியில் காலி வீதி முழுக்க வெடி. கொடி பிடித்துக்கொண்டு ஆடினார்கள், பஸ்ஸை மறித்துப் பாற்சோறு கொடுத்தார்கள். நாங்கள் யன்னலைப் பூட்டிக்கொண்டு மூன்று பேரும் சப்பாத்தோடு இருந்தோம். வெற்றி பெற்ற தலைவர் பேசினார், இடையில் தமிழிலும் சில வசனம் சொன்னார். அம்மாவுக்கு அப்போது காது மந்தம். என்ன சொன்னார், சொல்லிவிட்டாரா என்று கேட்டார். அம்மா எதைக் கேட்கிறார் என்று எனக்கு உடனே பிடிபடவில்லை. பெரியப்பாவுக்குப் பிடிபட்டது. "தமிழில பேசினவர். எங்களோட பேசேல்ல" என்றார். அம்மா தலையாட்டினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது: இந்த இரண்டு பேரும் அந்த வியாழக்கிழமை வராத ஒரு சொல்லுக்காக இன்னும் காத்துக்கொண்டு இருக்கிறார்கள். அம்மா அது வராமலே போய்ச் சேர்ந்தார். இரண்டு வருசத்துக்குள் நாங்கள் அவரை அடக்கம் செய்தோம்.

பழைய வீட்டை இடித்துத் தொடர்மாடி எழுப்பியபோது அதிலேயே ஒரு வீடு எடுத்தோம். எனக்குக் கலியாணமாகி, மகள் பிறந்து, பெரியப்பாவும் எங்களோடுதான். எதிர்வீட்டுக்கு றிஸ்வானாவின் குடும்பம் வந்தது. கொம்பனித்தெருவில் அவர்கள் பரம்பரையாக இருந்த வீட்டையும் ஏதோ உயர்ந்த கட்டடத்துக்காக இடித்துவிட்டார்கள். புருஷனுக்குப் புறக்கோட்டையில் வியாபாரம், ஒரு மகன். பெரியப்பாவை மாமா என்பார்கள்.

உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களில் குண்டு வெடித்தது. கொட்டாஞ்சேனைப் பக்கம் அன்று என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பெரியப்பாவுக்கு முழங்கால் வலி, அதனால் அன்று அவர் போகவில்லை. அவரோடு பாடிய இரண்டு பேர் போனவர்கள், திரும்பி வரவில்லை. தங்களுக்கு முன்கூட்டியே தெரியாது என்று தலைவர்கள் ஒருவரைக் கைகாட்டி ஒருவர் பேசினார்கள். அடுத்த கிழமைகளில் வேறு ஊர்களில் முஸ்லிம் கடைகளை உடைக்கிறார்கள் என்ற செய்தி வந்தது. ஒழுங்கையில் அந்தப் பழைய அமைதி வந்துவிட்டது, ஆட்கள் இருந்தும் சத்தமில்லாத அமைதி. ஒரு பின்னேரம், தலைவர் பேசப்போகிறார் என்று சொன்னார்கள். பெரியப்பா லேஸைக் கட்டிவிட்டு எழும்பி, கதவைத் திறந்து, எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார்.

நான் பின்னால் ஓடினேன். மானம் போகப்போகிறது என்று பயம். அவர் றிஸ்வானாவிடம், "தலைவர் பேசப்போறார் மகள். பிள்ளைக்குச் சப்பாத்தைப் போட்டு விடுங்கோ, நீங்களும் போடுங்கோ" என்றார். றிஸ்வானா சிரிக்கவில்லை. ஏன் என்றும் கேட்கவில்லை. மகனைக் கூப்பிட்டுப் பள்ளிக்கூடச் சப்பாத்தைப் போட்டுவிட்டார். பெரியப்பா அந்த முழங்காலோடு குந்தி, பொடியனின் சப்பாத்து நுனியைப் பெருவிரலால் அமத்தினார். பெரிசு என்றார். வளர்கிற பிள்ளைதானே மாமா என்று சொல்லிக்கொண்டு, றிஸ்வானாவின் புருஷன் மேசையிலிருந்த பேப்பரில் ஒரு தாளைக் கிழித்து மடித்தார், நுனிக்குள் வைக்க. பெரியப்பா அந்தத் தாளை அவர் கையிலிருந்து பறித்தார்.  "பேப்பர் வைக்கவேண்டாம்" என்றார். ஒருமுறை, இருமுறை அல்ல, சொல்லிக்கொண்டே இருந்தார். நான் அவரைத் தாங்கிப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிவந்தேன்.

அன்றுதான் சொன்னார். தொலைக்காட்சியில் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள், நாங்கள் இரண்டு பேரும் அதைக் கேட்கவில்லை.

"உன்ர அப்பாவின்ர சப்பாத்து எரிஞ்சு போச்சுத்தானே. வெறுங்காலோட கடைக்குப் போறதோ எண்டு நான்தான் கட்டிலுக்குக் கீழ கிடந்த என்ர சப்பாத்தைக் குடுத்தன். என்ர கால் பெரிசு. அவனுக்குத் தொளதொளவெண்டு இருந்தது. உன்ர அம்மா பேப்பர் மடிச்சுத் தந்தா, நான் நுனிக்குள்ள வைச்சன். நடந்து பாத்திட்டு, சரி அண்ணன் எண்டான். நடக்கச் சரிதான் பிள்ளை. அதோட ஓட ஏலுமோ?"

 பிறகு அவர் குனிந்து தன் லேஸைப் பார்த்தபடி, "அண்டைக்கு ஓடவேண்டி வரும் எண்டு ஆர் நினைச்சது? தலைவர் பேசிட்டார்தானே. அந்தப் பேச்சில எங்களுக்கு ஒரு சொல்லும் இல்லையெண்டு எனக்கும் கேட்டது. கேக்காத மாதிரி நிண்டிட்டன்" என்றார்.

அம்மா ஏன் அவரோடு சண்டை பிடிக்கவில்லை என்று அன்றைக்கு எனக்கு விளங்கியது. சப்பாத்துக் கொடுத்தவரும் பேப்பர் மடித்தவரும் எப்படி ஒருவரையொருவர் குற்றம் சொல்லுவது? அந்தப் பாரத்தோடு ஒரே வீட்டில், ஒரே மேசையில், அவ்வளவு காலம் இருந்திருக்கிறார்கள். அம்மாவுக்கு ரோசமில்லை என்று நான் சொன்னது ஞாபகம் வந்து, குசினிக்குள் போய்ச் சத்தமில்லாமல் அழுதேன். என் வழக்கு அதோடு முடிந்தது என்று சொல்லமாட்டேன். கோபம் இன்னும் இருக்கிறது. ஆனால் அது போகவேண்டிய வீட்டு இலக்கம் வேறு.

பிறகு ஒரு வருசம் எரிபொருளுக்கும் சமையல் காஸுக்கும் நாடு வரிசையில் நின்று, கடைசியில் சனம் மாளிகைக்குள் புகுந்தது. தலைவர் நாட்டை விட்டு ஓடிவிட்டார் என்ற செய்தியைச் சப்பாத்தோடு இருந்துதான் பெரியப்பா கேட்டார். அவர் வாய்விட்டுச் சிரித்ததை நான் கண்டது மிகக் குறைவு, அன்று சிரித்தார். "அவருக்குச் சப்பாத்து அளவா இருந்திருக்கு" என்றார். சிரித்து முடியவில்லை, இருமல் வந்து, கண்ணால் தண்ணீர் ஓடியது. நான் முதுகைத் தடவிவிட்டேன்.

படியேற முடியாமல் போனபோது, யாருக்கும் பாரமாக இருக்கமாட்டேன் என்று தானே கேட்டு ஹெந்தளைக்குப் போனார். போகும்போது கொண்டுபோனது ஒரு சிறிய பை, செபமாலை, அந்தக் கறுப்புச் சப்பாத்து. ஆணியில் கடைசியாக மாட்டியிருந்த தலைவர் படத்தை என்ன செய்வது என்று கேட்டேன். அடுத்தவர் வரும்வரை இருக்கட்டும் என்றார்.

உடலைக் கொடுத்திருந்த மலர்ச்சாலையில் அவருக்குக் கோட்டு சூட்டு போட்டுவிட்டிருந்தார்கள். காலில் மினுமினுக்கிற புதுச் சப்பாத்து. குதிக்குப் பின்னால் மூன்று விரல் போகிற அளவு இடைவெளி. அங்கு வேலை செய்யும் மனிதர் தணிந்த குரலில், எல்லாருக்கும் ஒரே அளவுதான் மேடம், பெட்டிக்குள்ளே யாரும் பார்க்கமாட்டார்கள், கழலாமல் இருக்க உள்ளே பேப்பர் வைத்திருக்கிறோம் என்றார். அவர் மேல் பிழையில்லை, அவருக்கு என்ன தெரியும். கழற்றுங்கள் என்றேன். என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது, பெட்டியடியில் செபம் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அன்று அங்கே நின்றவர்கள் என்னை மன்னிக்கவேண்டும். ஹெந்தளையிலிருந்து வந்த பையில் அவருடைய சொந்தச் சப்பாத்து இருந்தது. அதை நானே போட்டுவிட்டேன், லேஸை நானே கட்டினேன். நுனியைப் பெருவிரலால் அமத்திப் பார்த்தேன். அளவு சரி.

அவருடையது என்று நான் வைத்திருப்பது என்ன என்று கேட்டால், அந்தப் பெருவிரலைத்தான் சொல்லுவேன். சப்பாத்து அவரோடு மண்ணுக்குள் போய்விட்டது. படத்தை நான் கழற்றிவிட்டேன், ஆணி மட்டும் சுவரில் இருக்கிறது. இந்தப் புதுத் தலைவர்கள் வேறு மாதிரி என்று என் நண்பர்கள் சொல்கிறார்கள். இருக்கலாம். நன்றாக இருந்தால் எல்லாருக்கும் நல்லது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே, இன்றிரவு ஜனாதிபதி நாட்டு மக்களுக்கு உரையாற்றுவார் என்று செய்தியில் சொன்னார்கள். எழுதுவதை விட்டுவிட்டு மகளைக் கூப்பிட்டு, சப்பாத்தைப் போடு என்றேன். பெரியதாத்தா மாதிரியே கதைக்கிறீங்கள் அம்மா என்று சிரித்துக்கொண்டு பள்ளிக்கூடச் சப்பாத்தைப் போட்டாள். இந்த வருசம் சப்பாத்து விலை கேட்டால் தலை சுற்றும், அதனால் அடுத்த வருசத்துக்கும் ஆகட்டும் என்று நான்தான் வாங்கிக் கொடுத்தது. குந்தியிருந்து நுனியை அமத்தினேன். இடம் இருந்தது.

கடை பூட்டமுன்னம் போகவேண்டும்.